எந்தக் கரைக்கு எந்த மாதம்

சோழவந்தான்,
தை 25

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் கொழும்புக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறது, எங்களையும் சேர்த்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. போனில் காரணம் சொல்லத் தொடங்கினால் பாதியில் பிள்ளைகள் வாங்கிக்கொள்கிறார்கள், பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் காட்டு.

உன் தோழி அனுப்பியதாக, திருகோணமலைக்குப் பக்கத்தில் கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளிக் கடற்கரைப் படங்களைக் காட்டினாய். முழங்கால் ஆழத்தில் நிற்கிறார்கள், காலடி மணல் தெரிகிறது, அலையே இல்லை. பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அவர்கள் எப்போது போனார்கள் என்று கேட்டதற்கு ஜூலை என்றாய். அதே இடத்தை நீ நவம்பர் கடைசியில் தேடிப்போனால் அந்தக் கடல் அங்கே இருக்காது. அலை உயர்ந்து, தண்ணீர் கலங்கி, படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். விடுதிகளில் அறை மலிவாகக் கிடைப்பதே அதனால்தான்.

இலங்கைக்கு எந்த மாதம் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்ய வேண்டும், மாதம் தானாக வந்துவிடும்.

நம் ஊரை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனி பிறந்தால் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். கொடிக்காலில் அகத்தி ஒரு பக்கமாகச் சாயும். வெற்றிலைக் கொடியை மறுபடி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். கட்டு விட்ட இடத்தில் இலை அகத்தியில் உரசி உரசி ஓரம் கிழிந்து கருகிவிடும், அதை விற்கும் கவுளிக் கட்டில் வைக்க முடியாது. மேகம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு தூறல் விழாது. அதே நாளில் தேக்கடியில் மழை கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்ட காற்றாக நம் பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் பெய்ததை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியதால்தான் 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வருகிறது, பேரணையிலிருந்து திறந்துவிடுகிறார்கள், நாம் நாற்றுப் பாவுகிறோம். நம் வானம் நமக்காகப் பெய்வது ஐப்பசியிலும் கார்த்திகையிலும், காற்று வடகிழக்குக்குத் திரும்பிய பிறகு.

தீவிலும் இதே கதைதான். நடுவில், சற்றுத் தெற்கே தள்ளிப் பெரிய மலைத்தொகுதி இருக்கிறது. அதில் உயரமான பிதுருதலாகல சிகரம் 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வந்து கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கமும் மலையின் மேற்குச் சரிவிலும் பெய்துவிடுகிறது. மலையைத் தாண்டி மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. அங்குள்ளவர்கள் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் வெயில், அமைதியான கடல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து. அப்போது கிழக்கும் வடக்கும் நனைகின்றன, தெற்கிலும் மேற்கிலும் வானம் வெளுத்து, காலி, மிரிச பக்கம் கடல் அடங்கியிருக்கும். நடுவே அக்டோபரும் நவம்பரும் இருக்கின்றன. அந்த இரண்டு மாதங்களில் தீவு முழுவதும் மழை. வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் அதுதான், டிசம்பரிலும் வரும்.

புயல் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் நம் இராமேசுவரத் தீவோடு நிற்கவில்லை, மன்னாரையும் சேர்த்துத்தான் அடித்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிவிட்டு வந்த புயல் நம் இராமநாதபுரக் கரைக்கும் வந்தது. இப்போது 2025 நவம்பர் கடைசியில் டிட்வா. மலையகத்தில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். நீ சொல்லும் அதே வாரம்தான் அது. ஒவ்வொரு வருடமும் அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளையும் முழங்கால் வலியோடு இருக்கும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வரக்கூடும் என்று தெரிந்த வாரத்தில் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், ஊர்க்காரர்களோடு நான் ஒரு மார்கழியில் அங்கே யாத்திரை போய் வந்தேன். உன் அம்மாச்சிக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் அம்மா வரவில்லை. கூட்டிப்போனவர் தேதியைக் கோயில்களை வைத்துக் குறித்தாரே தவிர, காற்றை வைத்துக் குறிக்கவில்லை. திருகோணமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மழை. கோணேசர் கோயில் கடலுக்கு மேலே சுவாமி மலையின் உச்சியில் இருக்கிறது, பாறைக்குக் கீழே கடல். அங்கே மழை மேலிருந்து விழவில்லை, கடலிலிருந்து பக்கவாட்டில் அடித்தது. குடைகள் மடங்கிப்போயின. இராவணன் வெட்டு என்று சொல்லும் பாறைப் பிளவைக் காட்டுகிறோம் என்றார்கள், எட்டிப் பார்க்கப் போனவர்களைக் காற்று நிற்கவிடவில்லை. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் படகு கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மேற்கே கிளம்பினோம். தம்புள்ளையைத் தாண்டியதும் மழை விட்டது. நீர்கொழும்பில் இறங்கியபோது வெயில், கடற்கரையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஒரே பகலில் இரண்டு பருவத்தையும் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இனி உங்கள் விடுமுறையைப் பார்ப்போம். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் ஏறக்குறைய முழு மாதம், செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு வருடக் கடைசியில் நீண்ட விடுமுறை. மார்ச் அருமையான மாதம், தெற்கும் மலையும் ஒன்றுபோல நன்றாக இருக்கும். ஆனால் மதுரைக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப ஒரு வாரம் போதாது. ஏப்ரல் எப்படியும் ஆகாது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், அங்கே சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைகள் அடைத்திருக்கும், நுவரெலியாவில் கூட்டம் நெரியும். உன் அம்மா அழகர் ஆற்றில் இறங்குவதை விட்டுவிட்டு எங்கும் வரவும் மாட்டாள். வருடக் கடைசியில்தான் முடியும் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, தெற்குக் கரைக்கு மட்டும். அப்போது எல்லா நாட்டுக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள், அறை வாடகையும் அதற்கேற்ப இருக்கும்.

ஆகவே ஜூன். ஜூன் என்றால் கிழக்கு.

ஜூன் மழைக்காலம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்வார். அது கொழும்புக்கும் காலிக்கும் சொன்னது. விமான நிலையத்தில் இறங்கும்போது உங்கள் மீதும் மழை பெய்யலாம், பயப்பட வேண்டாம். மதுரையிலிருந்து பறப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கியதும் கொழும்பு நகருக்குள் போகாமல் குருநாகல் வழியாகத் தம்புள்ளைக்கு வண்டியை விட்டுவிடுவோம். வறண்ட பகுதி தொடங்கும் இடம் கண்ணுக்கே தெரியும். தென்னையும் பசுமையும் குறைந்து, புதர்க்காடும் குளங்களுமாக மாறும். அங்கே சிகிரியா. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் பாறை உச்சியில் கட்டிய அரண்மனை, ஏற ஆயிரத்துக்கு மேல் படிகள். விடிந்ததும் நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் ஏறுங்கள். நானும் அம்மாவும் சின்னவளை வைத்துக்கொண்டு கீழே தோட்டத்தில் இருக்கிறோம். அரசன் வெட்டிய நீர்த் தொட்டிகளும் வாய்க்கால்களும் அங்கேதான் இருக்கின்றன, எனக்கு அவற்றைப் பார்த்தால் போதும்.

பக்கத்தில் மின்னேரியா. 3ஆம் நூற்றாண்டில் மகாசேனன் கட்டிய குளம், நாம் கண்மாய் என்போம், அளவில் ஏரி. கோடையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க வெளியே தெரியும் மண்ணில் புல் முளைக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் காய்ந்திருக்கும்போது அந்தப் புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் சுற்றுக் காடுகளின் யானைகள் குட்டிகளோடு அங்கே வந்து சேருகின்றன. கூட்டம் உச்சத்துக்குப் போவது ஆகஸ்டு, செப்டம்பரில். ஜூனில் தொடக்கம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே நிறைவாக இருக்கும்.

அங்கிருந்து திருகோணமலை இரண்டு மணி நேரத் தூரம். நான்கு நாள் அங்கேயே தங்குவோம், ஊர் ஊராக ஓட வேண்டாம். கோணேசர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் இடித்து அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இன்று அந்தக் கோட்டைக்குள் நுழைந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும், வழியெல்லாம் புள்ளிமான்கள் திரியும். மேலே வரை வண்டி போகும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. வாளியில் மொண்டு குளிக்க வேண்டும், சின்னவளுக்குச் சூடு பார்த்து ஊற்று. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு அந்த மாதத்தில் ஓடும். பவளப்பாறை கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி நிற்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வை. அது உயிருள்ள பொருள், மிதித்தால் செத்துவிடும்.

உன் அம்மாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அங்கே பெருவிழா ஆனி மாதத்தில்தான் வருகிறது, பௌர்ணமியோடு முடியும். உங்கள் தேதி அதற்குள் அமைந்து, இன்னும் இரண்டு நாள் கூட்ட முடிந்தால் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போய்க் குறிகட்டுவானில் படகு ஏறலாம். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பிறகு கொடியேறி இருபத்தைந்து நாள் நடப்பது, அது பிள்ளைகளின் பள்ளியோடு ஒத்துவராது. அவளிடம் சொல்லிவிட்டேன், நயினாதீவு போதும் என்கிறாள். எனக்காக எதையும் சேர்க்க வேண்டாம், அவளுக்காக இதை மட்டும் சேர்க்கப் பார்.

ஒன்றைக் கவனித்துக்கொள். ஜூன் பௌர்ணமியை அங்கே போசன் என்று கொண்டாடுகிறார்கள். அசோகரின் மகன் மகிந்தர் மிகிந்தலைக்கு வந்த நாள். அநுராதபுரம் முழுவதும் யாத்திரிகர் கூட்டமாக இருக்கும், அந்த வட்டாரத்தில் அறை கிடைப்பது கடினம். அந்த நாளில் நாம் திருகோணமலையில் இருக்கும்படி தேதியை வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

மலைக்குப் போக வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டாரானால், ஜூனில் நுவரெலியா வேண்டாம், மூடுபனியும் சாரலுமாக இருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கிழக்குச் சரிவு, அங்கே காற்று வறண்டிருக்கும். அந்த ஊவா வட்டாரத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை மணம் கூடுவதே அந்த வறண்ட காற்றால்தான், நுவரெலியாப் பக்கத் தேயிலைக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. உன் அப்பத்தாவின் பெரியப்பா வழியில் சிலர் பதுளைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் ஒருமுறை அந்த மண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால் டிட்வா புயலில் மலை ரயில் பாதை சேதமடைந்தது, எதுவரை ஓடுகிறது என்று விசாரிக்காமல் திட்டம் போட வேண்டாம். இந்தப் பயணத்தில் முடியாவிட்டால் போகட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகலாமே என்றும் கேட்டாய். 2023 அக்டோபரில் அதைத் தொடங்கிச் சில நாட்களிலேயே மழைக்காலத்தைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள், 2024 ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். கடல் விட்டால் போகலாம், விடாவிட்டால் துறைமுகத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு விமானமே நல்லது.

அம்மாவின் பாஸ்போர்ட் இந்த வருடம் காலாவதி ஆகிறது. புதுப்பிக்க அடுத்த வாரமே மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் இருபோகத்துக்குத் திறப்பார்கள், எனக்கு நாற்றங்கால் வேலை இருக்கும். எனவே இரண்டாம் வாரத்துக்குப் பிறகு தேதி வை. டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல், பௌர்ணமியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா