ஃபோலேட் ஆய்வுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஃபோலேட் என்ற பி வைட்டமின் சத்துக்கும், மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவில் சரியாக மூடாததால் குழந்தைகளுக்கு வரும் நரம்புக்குழல் குறைபாடுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதிலேயே பணிக்காலம் முழுவதையும் செலவிட்ட எங்கள் தலைமை ஆய்வாளர் ஓய்வு பெறுகிறார். கட்டுரைகளில் பெயர் வராத உங்களுக்கு, அவர் சார்பிலும் ஆய்வகத்தின் சார்பிலும் இந்த மடல்.

முதலில், ரத்தம் எடுத்த செவிலியர்கள். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்மத்தில், இருப்பதைவிடப் பல மடங்கு ஃபோலேட் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சிரிஞ்சை வெடுக்கென இழுத்தாலோ ட்யூபைக் குலுக்கினாலோ அணுக்கள் உடையும், சீரம் சிவக்கும். பிறகு சத்துக் குறைந்த பெண்ணுக்கும் சீரம் ஃபோலேட் நன்றாகவே இருப்பதாக எண் வரும். நீங்கள் ட்யூபை மெல்லக் கவிழ்த்துக் கலந்து, வெளிச்சம் படாமல் தாள் சுற்றி அனுப்பினீர்கள். கடைசி ஃபோலிக் அமில (ஃபோலேட்டின் செயற்கை வடிவம்) மாத்திரையை எப்போது போட்டார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதினீர்கள். சீரம் அளவு அண்மைய நாட்களின் உணவையும் மாத்திரையையும் ஒட்டி ஏறி இறங்கும் என்பதால், அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை நம்ப முடியாது.

அடுத்து, லேப் டெக்னீஷியன்கள். உண்மையில் எங்கள் முடிவுகள் எல்லாம் உங்கள் பிப்பெட் முனையில்தான் நின்றன. 100 மைக்ரோலிட்டர் முழு ரத்தம், 1 மில்லிலிட்டர் ஒரு சதவீத அஸ்கார்பிக் அமிலக் கரைசல்: 11 மடங்கு நீர்ப்பு. கேட்க எளிது. ஆனால் ரத்தம் பிசுபிசுப்பானது. முனையின் வெளிப்புறத்தைத் துடைக்காவிட்டால் அளவு கூடும், உள்ளே ஒட்டியதை அதே கரைசலில் அலசி இறக்காவிட்டால் குறையும். அஸ்கார்பிக் அமிலம் பழையதாக இருந்தால் ஃபோலேட் ஆக்சிஜனேற்றம் அடைந்து அழியும். கரைசலில் கலந்த ரத்தத்தை அரை மணி நேரம் விட்டுவைப்பதும் வெட்டிக் காத்திருப்பு அல்ல. பிளாஸ்மாவில் உள்ள நொதி, ஃபோலேட்டுடன் ஒட்டிய நீண்ட குளூட்டமேட் சங்கிலிகளை நறுக்குவது அப்போதுதான். நறுக்கப்படாததை, ஃபோலேட்டை அளக்க நாம் வளர்க்கும் சோதனைப் பாக்டீரியா சரியாகப் பயன்படுத்தாது. அதன் பிறகே மைனஸ் 70 டிகிரி. ஹீமடாக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அன்றே குறித்து வைத்தீர்கள். அது இல்லாவிட்டால் சிவப்பணு ஃபோலேட்டைக் கணக்கிடவே முடியாது.

அந்தச் சோதனைப் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸை வளர்த்துக் காத்தவர்களுக்குத் தனி நன்றி. ஃபோலேட் இருக்கும் அளவுக்கே அது வளரும் என்பதால், 96 குழித் தட்டில், 37 டிகிரியில், ஏறத்தாழ இரண்டு நாள் வளரவிட்டுக் கலங்கலை அளப்பது பழைய முறை, பொறுமையைச் சோதிக்கும் முறை. மாதிரி சேர்க்காத குழியே கலங்கினால் கண்ணாடிச் சாமானில் ஃபோலேட் எச்சம் இருக்கிறது அல்லது வேறு கிருமி நுழைந்திருக்கிறது. ஒரே ரத்த மாதிரி, வெவ்வேறு நீர்ப்பில் வெவ்வேறு விடை தந்தால் அந்தப் பெண் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக்கூடும். அத்தகைய தட்டுகளைத் தயங்காமல் தள்ளிவைத்த உங்கள் கறார்த்தனத்தை மதிக்கிறோம்.

பதிவேட்டுப் பணியாளர்கள் இறந்து பிறந்த குழந்தைகளையும் இடையில் முடிக்கப்பட்ட கர்ப்பங்களையும் விடாமல் சேர்த்தார்கள். உயிருடன் பிறந்தவர்களை மட்டும் எண்ணினால் அனென்செபலி (மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாத நரம்புக்குழல் குறைபாடு) பெரும்பாலும் கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

தாய்மார்களே, உங்களுக்கு என்ன சொல்வது! நலமான குழந்தை பெற்றவர்களும் ரத்தம் தந்ததால்தான் ஒப்பீடு சாத்தியமானது. டப்ளினில் சேமித்த ரத்தத்தை வைத்து 1995இல் வெளியான ஆய்வில், பாதிக்கப்பட்ட 84 கர்ப்பங்களுக்கு எதிரே 266 ஒப்பீட்டுத் தாய்மார்கள் இருந்தார்கள். சிவப்பணு ஃபோலேட் லிட்டருக்கு 906 நானோமோலைத் தொடும்போது ஆபத்து மிகக் குறைகிறது என்பது அங்கே தெரிந்தது. அதற்கு முன்பு, 7 நாடுகளின் 33 மையங்களில், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கர்ப்பத்தைக் கண்ட பெண்கள், கையில் இருப்பது எந்த மாத்திரை என்று அறியாமலே விழுங்கச் சம்மதித்தார்கள். 1991இல் வந்த விடை: 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மறுபாதிப்பை 72 சதவீதம் தடுத்தது. அவர்கள் சம்மதித்திராவிட்டால் வாதம் இன்னும் பல்லாண்டு இழுத்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

நிறைவாக, களப்பணியாளர்கள். கருத்தரித்து 28 நாளுக்குள் நரம்புக்குழல் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பமே அப்போது தெரியாது. அதனால் தினம் 400 மைக்ரோகிராமைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கிக் கர்ப்பத்தின் 12 வாரம் வரை தொடரச் சொன்னீர்கள். முன்பு பாதிப்பு கண்டவர்களை உயர் அளவுக்காக மருத்துவரிடம் அனுப்பினீர்கள். மல்ட்டிவைட்டமின் மாத்திரைகளைக் கூட்டிப் போட்டு அந்த அளவை எட்டப் பார்த்தவர்களை, வைட்டமின் ஏ மிகும் என்று தடுத்ததும் நீங்கள்தான்.

நன்றியுடன்,
ஃபோலேட் ஆய்வகக் குழுவினர்