ஏலகிரி சுவாமிமலை: குடும்பத்தோடு மலையேற்றம்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு, நம் குடியிருப்புக் குடும்பங்கள் சேர்ந்து ஏலகிரி போகிறோம். காலை 5 மணிக்கு கேட் முன்னால் வேன் நிற்கும். 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அப்புறம் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடை.

போன தடவை பாறை வழுக்கின இடத்தில் என் பையன் தானாகவே திரும்பி அவன் ஆயாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கை நீட்டினான், அம்மா அந்தக் கையை விடாமலே உச்சிவரை வந்துவிட்டார், இன்றுவரை சாயங்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திக் கூப்பிடுகிறேன்.

1. தலைக்கு 2 லிட்டர் தண்ணீர்.
2. பிடிப்புள்ள ஷூ. செருப்பு வேண்டாம்.
3. மிளகாய்ப்பொடி தடவின இட்லி, வாழை இலையில். பிளாஸ்டிக் கவர் கூடாது.
4. முட்டிவலி, ஆஸ்துமா இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பாதி தூரம் வந்தாலும் சந்தோஷம், துணைக்கு ஆள் இருக்கும்.
5. உச்சியில் உட்கார்ந்ததும், வீட்டில் ஒருவருக்கு இதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு நன்றியைச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன என்று புதன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள், வேனுக்குச் சொல்ல வேண்டும்.