கூட்டம் வருமுன் போகச் சொல்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெகுகாலம் பூட்டிக் கிடந்த நாடுகளைச் சுற்றுலாக் கூட்டம் மொய்ப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் பயணப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதில் பர்மாவை ‘கெடாத நாடு’ என்று மெச்சியிருந்ததை வியாசர்பாடிக்காரனான என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

அந்த நாட்டை யாரும் நமக்காகக் கெடாமல் பொத்தி வைக்கவில்லை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் ஆலைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. 1964-இல் அந்த நாட்டுப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதில் எல்லாம் இழந்து கப்பலேறிய தமிழர்கள்தான் எங்கள் பகுதியில் பாதித் தெருக்களை நிரப்பினார்கள். வெளிநாட்டவருக்குப் பல ஆண்டுகள் ஏழு நாள் விசாதான். (பாரிமுனையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு பர்மாவையே பார்த்த மாதிரி பேசுபவர்களும் உண்டு, அது வேறு கதை.)

2013-இல் அங்கே பிறந்த என் அம்மாவோடு ரங்கூன் போனேன். மடிப்பு விழுந்த டாலரை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னதால், நோட்டுகளைக் கனமான புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோனோம். நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் காய்கறிக் கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். அம்மா மறந்துபோன பர்மியத்தை எப்படியோ ஒட்டவைத்துப் பேச, ஒருத்தி கேட்டாள்: “உங்களை மாதிரி இன்னும் நிறையப் பேர் வருவார்களா?” வந்தால் நல்லது என்ற ஆசை அந்தக் குரலில் தெரிந்தது. நாம் பயப்படும் கூட்டத்துக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். செல்போன் வந்ததும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற சிம் கார்டு 2014-இல் 1,500 கியாட்டுக்கு இறங்கியது. எல்லார் கையிலும் போன் வந்ததைப் பார்த்து ‘பழைய அழகு போச்சு’ என்று வருந்தியவர்கள் பயணிகள் மட்டும்தான்.

கூட்டத்தால் கேடே இல்லை என்று சொல்லவில்லை. பழங்கோயில்கள் நிறைந்த பாகன் ஊரில் சூரிய அஸ்தமனம் பார்க்கிறேன் என்று பழைய கோயில்களின் மேல் ஏறி மிதித்தார்கள். பின்னாளில் அதற்குத் தடை வந்தது சரிதான். ஆனால் முதலில் போகிறோமா, கடைசியில் போகிறோமா என்பதைவிட, நம் பணம் யார் கையில் விழுகிறது என்பது பெரிய கேள்வி. ராணுவ ஆட்சி 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, வராதீர்கள் என்று ஜனநாயகத்துக்காகப் போராடிய தலைவர் ஆங் சான் சூச்சி கேட்டுக்கொண்டதும் இதனால்தான். நாங்கள் தங்கியது ஒரு குடும்பம் நடத்திய சின்ன விடுதியில். தேடினால் அப்படிப்பட்ட இடங்கள் கிடைத்தன.

2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் பரவியது. 2025 மார்ச்சில் மண்டலே நகரைப் பூகம்பம் வேறு குலுக்கியது. அங்கே போகச் சொல்லி இப்போது எழுதுவதென்றால், எந்தப் பகுதியில் சண்டை நடக்கிறது, விடுதி யாருடையது, நுழைவுக் கட்டணம் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39