‘சூடு இல்லாமல்’ என்று எழுதிய பெட்டிக்குள், முடிக்கு ஹேர் டிரையர் காட்டச் சொல்லும் தாள்: ஒரு புகார்

அனுப்புநர்:
4 வயதுப் பெண் குழந்தையின் அப்பா,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: குழந்தைகளுக்கான சுருட்டை முடி கிரீம் செட்டில் இருந்த தவறான குறிப்பு பற்றி.

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் உங்கள் சுருட்டை முடி செட்டை 649 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு கிரீம், ஒரு ஸ்பிரே, ஒரு பிரஷ். கடையில் இதைவிட விலை குறைவாக இரண்டு இருந்தன. அவற்றை விட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம், பெட்டியின் முகப்பில் பச்சை எழுத்தில் பெரிதாக ‘சூடு இல்லாமல் அழகான சுருள்’ என்று போட்டிருந்ததுதான். மகள் தலையில் சூடு காட்டுவதே இல்லை என்று நானும் மனைவியும் முன்பே முடிவு செய்திருந்தோம்.

பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. முழுக்க ஆங்கிலம், கடுகு மாதிரி எழுத்து. நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பட்டறைக்குப் போயிருந்தபோது ஆத்தூரிலிருந்து வந்திருந்த என் கொழுந்தியா குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, அந்தத் தாளை வரி வரியாகப் படித்து, அதில் உள்ளபடியே செய்திருக்கிறாள். ஈர முடியில் கிரீமைத் தடவி, ஹேர் டிரையரை நடுத்தரச் சூட்டில் வைத்து 10 நிமிடம் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாலாவது நிமிடமே குழந்தை “சுடுது சித்தி” என்று கத்தியதும் நிறுத்திவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதியிருந்ததைத்தானே செய்தாள்?

நான் வீட்டுக்கு வந்தபோது வலது காதின் மேல் விளிம்பு சிவந்திருந்தது. டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார், இரண்டு நாளில் சரியானது. முடி சரியாகவில்லை. காதுக்கு முன்னால் ஒரு சுருள் உண்டு அவளுக்கு. இழுத்து விட்டால் சட்டென்று சுருண்டு கன்னத்தில் ஏறிக்கொள்ளும். அதை இழுத்துவிட்டுச் சிரிப்பது எங்கள் இருவருக்கும் தினமும் காலையில் ஒரு விளையாட்டு. இப்போது அது தேங்காய் நார் போலச் சொரசொரவென்று தொங்குகிறது. இழுத்தால் இழுத்தபடியே நிற்கிறது.

உங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன பதில் இது: “டிரையர் போட்டால்தான் சார் கிரீம் செட் ஆகும். சூடு இல்லாமல் என்றால், முடியை நேராக்குகிற அயர்ன் வேண்டாம் என்று அர்த்தம்.” இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கடிதமாகவே எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 16 வருடமாக வேலை செய்கிறேன். சூடு என்றால் என்ன என்று என் கைக்குத் தெரியும். பற்றவைக்கும்போது ஒரு கணம் கூடுதலாக நெருப்பு பட்டாலும் மெல்லிய கம்பி உருகிக் குண்டுமணியாகிவிடும். ஆனாலும் வெள்ளியை மறுபடி உருக்கிக் கம்பி இழுத்துவிடலாம். கருகிய முடியை என்ன செய்ய முடியும்? வளர்ந்து வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது, அது தானாக ஆறாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். அந்தச் சுருள் பழைய நீளத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

அதிலும் சுருட்டை முடி சீக்கிரம் உலரும் முடி. தலையில் ஊறும் எண்ணெய் நேர் முடியில் வழிந்து இறங்குவது போலச் சுருளில் நுனிவரை இறங்காது. அப்படிப்பட்ட முடி ஈரமாக இருக்கும்போது கடும் சூடு பட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே கொப்புளம் போடும் என்று படித்திருக்கிறேன். முடிக்கான பொருள்கள் விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

சூடு இல்லாமல் முடியவே முடியாது என்பது போல அந்தப் பெண் பேசியதால் எங்கள் வீட்டு முறையையும் எழுதுகிறேன். என் அம்மா ஏற்காடு பக்கம் காபித் தோட்டத்தில் வளர்ந்தவர். மகளின் சுருட்டை அவரிடமிருந்து வந்ததுதான். அம்மா தன் தலைக்கு அரப்பு தேய்ப்பார், பேத்திக்கு அது கண்ணில் பட்டால் எரியும் என்று தொடமாட்டார். அவளுக்குச் செம்பருத்தி இலைதான். தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று வரும். அதைத் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலைத் துணுக்குகள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு நாளைக்கு உதிரும். எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, அவ்வளவு உப்பு. அதனால் மேட்டூர் தண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் அவள் தலைக்கென்றே பிடித்து வைப்போம். வழவழப்பு இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்து, அப்புறம் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே வருவோம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி, துவட்டுவது கிடையாது. சேலத்து வெயிலில் ஒரு மணி நேரத்தில் தானாகக் காய்ந்துவிடும். மார்கழியில் ஏற்காட்டுக்குப் போனால் மஞ்சில் காய அரை நாள் ஆகும், அங்கே காலையிலேயே தலைக்கு ஊற்றிவிடுவோம். அவ்வளவுதான்.

பிறகு ஏன் கிரீம் வாங்கினாய் என்று கேட்கலாம். இந்த ஆனியிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள், தினமும் செம்பருத்தி கசக்க நேரமில்லை. நல்ல கிரீம் ஒன்று இருந்தால் உதவும் என்று நம்பித்தான் வாங்கினேன். கூடவே வந்த பிரஷும் பல் நெருங்கியது, நேர் முடிக்கானது. காய்ந்த சுருளில் அதை இழுத்தால் சுருள் பிரிந்து பஞ்சாகிறது.

இன்னொன்று. பெட்டியின் பின்பக்கம் தமிழில் இருக்கும் ஒரே வரி ‘அடங்காத முடி இனி உங்கள் சொல் கேட்கும்’ என்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறான். அன்று இரவு மகள் என்னிடம், “அப்பா, என் முடி கெட்ட முடியா?” என்று கேட்டாள். என் அம்மா அவளை மடியில் உட்கார வைத்து, தன் கொண்டையை அவிழ்த்து, இரண்டு பேர் முடியையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் தூங்கினாள். சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதாமல் இதை மட்டும் ஏன் எழுதினீர்கள்?

நான் கேட்பது: என் 649 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். டிரையர் தேவைப்படும் பொருள் என்றால் முகப்பில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். தேவையில்லை என்றால் தாளில் உள்ளதை எடுத்துவிட்டு, என் அம்மா படிக்கிற அளவு எழுத்தில் தமிழில் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும், குழந்தை தலையில் டிரையர் காட்ட வேண்டாம் என்று தெரிவியுங்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம். அந்த ‘அடங்காத’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரம் என்று சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்துவிட்டேன்.

பில், பெட்டியின் இரண்டு பக்கங்கள், உள்ளே இருந்த தாள், மகளின் காது, அந்த முடி ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். மீதி கிரீமையும் பிரஷையும் பெட்டியில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சேலம்.