கருவித்துணை விரைவாட்டத்தை மோசடி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் தொழில்நுட்ப விழாவில் நடந்த பழைய வீடியோ கேம் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தைக் கணினிக் கருவிகளின் துணையோடு முடித்துக் காட்டிய மாணவர் ஒருவர் 'மோசடி செய்து பிடிபட்டார்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த மாணவர் தக்கலையில் என்னிடம் கணினி பயின்றவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எழுத்தில் சார்பு இருக்கக்கூடும் என்று வாசகர்கள் எண்ணினால் அது நியாயமே. அவருக்குப் பரிசு கேட்டு நான் எழுதவில்லை. இது எமுலேட்டரில் (பழைய ஆட்டக் கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்) ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படச்சட்டமாக, அமைக்கப்பட்ட ஆட்டம் என்று விண்ணப்பத்திலேயே அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தானே வெளிப்படையாக எழுதிக் கொடுத்தவரை மோசடிக்காரர் என்று அச்சிட்டது தவறு. இவ்வகை ஆட்டங்களைச் சோதித்துத் தீர்ப்பளிக்கும் முறை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் வளர்ந்து நிற்கையில், அதைப் பற்றிக் கேட்டறியாமலேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதும் என் வருத்தம்.

ஆட்டத்தை இயன்ற அளவு விரைவாக முடிப்பதே இலக்கான, டூல் அசிஸ்டட் ஸ்பீட்ரன் என்று உலகெங்கும் அறியப்படும் இந்தக் கருவித்துணை விரைவாட்டம் எப்படி உருவாகிறது என்பதை, வாசகர்களில் பலர் சிறுவயதில் கையாண்டிருக்கக்கூடிய மேரியோவை வைத்தே விளக்குகிறேன். மேரியோ ஓடிய நிண்டெண்டோவின் பழைய கன்சோல் (தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவி) விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம் வேகத்தில் இயங்குகிறது. நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என்ற எட்டுப் பொத்தான்களில் எவை அழுத்தப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆட்டம் பார்க்கிறது. கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் ஆட்டத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறுத்தி, அந்தக் கணத்தில் எந்தப் பொத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, விளைவு பிடிக்கவில்லை என்றால் சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பி, மீண்டும் வேறு விதமாக முயன்று பார்க்கலாம். இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை பின்சென்று திருத்தியபின் மிஞ்சுவது பொத்தான் அழுத்தங்களின் பட்டியல் ஒன்று. மேரியோவின் ஐந்து நிமிட ஆட்டத்துக்கு அந்தப் பட்டியல் ஏறத்தாழ 18,000 ஃபிரேம் நீளும். அதே ரோம் பிரதியோடும் (கேசட்டில் உள்ள ஆட்ட நிரலின் கணினி நகல்) அதே எமுலேட்டரோடும் அந்தக் கோப்பை நாகர்கோவிலில் இயக்கினாலும் ஒசாகாவில் இயக்கினாலும் அதே ஆட்டம் இம்மி பிசகாமல் மீண்டும் நிகழும்.

கோப்பில் பொத்தான் அழுத்தங்கள் மட்டுமே இருக்கின்றன. கூடுதல் உயிரோ, நீக்கப்பட்ட சுவரோ, மாற்றி எழுதிய நிரலோ அதில் கிடையாது. திரையில் நாம் காண்பது அனைத்தையும் 1985-இல் எழுதப்பட்ட அந்த நிரலே, பொத்தான்களுக்கு மறுமொழியாகச் செய்கிறது. ஆட்டத்தின் விதிகளையே மாற்றும் சீட் கோடு போட்டு ஆடுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு இங்கேதான் இருக்கிறது.

எளிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். மேரியோ ஒரு கட்டத்தை முடித்தவுடன் அடுத்த கட்டம் உடனே தொடங்கிவிடுவதில்லை. 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. ஆகவே ஒரு கட்டத்தில் பத்து ஃபிரேம் மிச்சம் பிடித்தாலும், அந்த 21 ஃபிரேம் சுற்றின் எல்லையைத் தாண்டாவிட்டால் பயன் ஏதுமில்லை. இறுதியான 8-4 கட்டத்தில் (எட்டாம் உலகின் நான்காம் கட்டம்) மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கில் சேர்கிறது. இதை அறிந்த ஆட்டக்காரர், பயன் தராத இடத்தில் மிஞ்சும் ஃபிரேம்களைக் கண்ணுக்கு இனிய விளையாட்டுக்குச் செலவிடுவார். இதை அறியாத நடுவர் அதைக் கவனக்குறைவு என்று குறித்துவிடுவார். அதேபோல் இந்தப் பழைய ஆட்டங்களில் தற்செயல் என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் தற்செயலாக இருப்பதில்லை. எதிரி எப்போது சுத்தியலை வீசுவான் என்பது ஃபிரேம் எண்ணிக்கையையும் முந்தைய நிகழ்வுகளையும் பொறுத்த கணக்கு. நினைவகத்தின் எண்களைப் பார்த்துக்கொண்டே ஒரு ஃபிரேம் தாமதித்தால் எதிரியின் செயலே மாறிவிடும். எங்கே ஒரு ஃபிரேமை இழந்தால் பின்னால் முப்பது ஃபிரேம் கிடைக்கும் என்று தேடுவதில்தான் மாதக்கணக்கான உழைப்பு செல்கிறது.

இந்தக் குழப்பம் நம் ஊரில் முதன்முறையாக எழுந்ததன்று. 2003-இல் மொரிமோட்டோ என்ற பெயரில் ஜப்பானியர் ஒருவர் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தை ஏறத்தாழ 11 நிமிடத்தில் முடித்த காணொளி இணையத்தில் பரவியது. கண்டவர்கள் அவரை அசாத்தியத் திறமைசாலி என்று கொண்டாடினார்கள். எமுலேட்டரின் துணையோடு அமைக்கப்பட்டது என்று தெரியவந்ததும் பலர் சினந்தார்கள். விளக்கம் இல்லாமல் காணொளி மட்டும் கைமாறியதே அந்தச் சினத்துக்குக் காரணம். அந்த ஆண்டின் இறுதியிலேயே பிஸ்க்விட் என்று அறியப்படும் ஃபின்லாந்து நிரலர் இத்தகைய ஆட்டங்களுக்கென்றே ஒரு தளத்தைத் தொடங்கினார். இன்று டாஸ்வீடியோஸ் என்று வழங்கும் அத்தளம், ஒவ்வோர் ஆட்டமும் கருவித்துணையோடு அமைக்கப்பட்டது என்பதைத் தெளிவாக அறிவித்தே வெளியிடுகிறது. நம் மாணவர் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்ததும் அதே அறிவிப்பைத்தான்.

தமிழ் மரபில் இதற்கு ஓர் இணை உண்டு. கொடுத்த பொருளில் நின்ற இடத்திலேயே பாடுபவரை ஆசுகவி என்றோம். மாலைமாற்றும் இரதபந்தமும் போன்றவற்றை எழுத்தெழுத்தாக எண்ணி அமைப்பவரைச் சித்திரகவி என்றோம். சித்திரகவி ஏட்டில் எழுதி எழுதி அழித்தார் என்பதற்காக அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. ஆசுகவியோடு அவரை ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதும் இல்லை.

அந்த இரண்டாவது செய்தியையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நடுவர்களின் முடிவில் ஒரு பாதி சரியானது. கையால் ஆடியவர்களின் பட்டியலில் கருவித்துணை ஆட்டத்தைச் சேர்க்கக் கூடாது. ஹட்சன் நிறுவனத்தின் தகாஹாஷி மெய்ஜின் விநாடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துபவர் என்று 1980-களில் ஜப்பான் முழுவதும் புகழ்பெற்றிருந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் விரும்பி ஆடிய 'அட்வென்சர் ஐலேண்ட்' கதாநாயகன் அவரை வைத்து உருவானவனே. எமுலேட்டரிலோ ஃபிரேம் விட்டு ஃபிரேம் அழுத்தினால் விநாடிக்கு 30 முறை அழுத்தலாம். இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது விரல் வலிக்க ஆடிய பிள்ளைகளுக்கு அநீதி. நேரத்தை அளக்கும் முறையிலும் வேறுபாடு இருக்கிறது: கருவித்துணை ஆட்டத்தின் நேரம் கன்சோலை இயக்கிய கணத்திலிருந்து கடைசிப் பொத்தான் அழுத்தம் வரை எண்ணப்படுகிறது, கையாட்டத்தின் நேரம் மேரியோ நகரத் தொடங்கும் கட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. மிகச் சிறந்த கருவித்துணை மேரியோ ஆட்டம் முதல் கணக்கில் 4 நிமிடம் 57 விநாடிச் சொச்சம், இரண்டாம் கணக்கில் 4 நிமிடம் 54 விநாடிச் சொச்சம். முதலில் கருவித்துணை ஆட்டங்களில் கண்ட நுணுக்கங்களை ஆண்டுக்கணக்கில் பயின்றுதான் கையால் ஆடுபவர்கள் 2021 ஏப்ரலில் 4 நிமிடம் 55 விநாடி என்ற எல்லைக்குக் கீழே வந்தார்கள். ஆகவே இரண்டுக்கும் பகை ஏதுமில்லை; பிரிவுகள்தான் வெவ்வேறாக இருக்க வேண்டும்.

பிரித்து வைத்தபின் எப்படித் தீர்ப்பளிப்பது? கல்லூரி நடுவர்கள் பார்த்தது காணொளியை மட்டுமே என்று செய்தியில் இருந்தது. கருவித்துணை ஆட்டத்தின் நடுவர் காணொளியை நம்பி முடிவெடுப்பதில்லை. அவர் கோப்பைக் கேட்கிறார். ரோம் பிரதியின் எண்முத்திரை (பிரதி மாறியிருக்கிறதா என்று காட்டும், அதிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) கோப்பில் குறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். பிறகு தம் கணினியில் தாமே இயக்குகிறார். நடுவழியில் டிசிங்க் ஏற்பட்டு, அதாவது பொத்தான் அழுத்தங்களும் ஆட்டமும் ஒத்துப்போகாமல் விலகி, மேரியோ சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கேயே கேள்வி எழுகிறது. அதன்பின் அந்த ஆட்டத்தில் ஏற்கெனவே அறியப்பட்ட சிறந்த ஆட்டங்களோடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, எங்கே எத்தனை ஃபிரேம் முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்று எழுதுகிறார். எடுத்துக்கொண்ட இலக்கு தெளிவானதா, தெரிந்த ஒரு குறுக்குவழியைக் காரணம் கூறாமல் விட்டுவிட்டாரா என்பதும் கவனத்துக்கு வரும்.

இந்த அளவுகோலில் என் மாணவரின் ஆட்டம் தேறாது என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். 4-2 கட்டத்தில் அது உலகறிந்த ஆட்டத்தைவிட ஒரு 21 ஃபிரேம் சுற்று பிந்தியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி நிராகரித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்; அவரும் அன்றிரவே அந்தக் கட்டத்தைத் திருத்த உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றுக்கும் நேரான விடை கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பழைய நிண்டெண்டோ கட்டுப்பாட்டுக் கருவியில் இடது, வலது திசைகளை ஒன்றாக அழுத்த இயலாதவாறு சிலுவைப் பொத்தான் அமைந்திருக்கிறது. எமுலேட்டரில் இரண்டையும் அழுத்தலாம். 'ஜெல்டா 2' போன்ற ஆட்டங்களில் அப்படி அழுத்தினால் நாயகன் நம்ப முடியாத வேகத்தில் பாய்கிறான். கன்சோலுக்குள் அந்தச் சமிக்ஞை சென்றால் அது ஏற்றுக்கொள்ளும் என்பதால் கருவித்துணை ஆட்டங்களில் இதை அனுமதிக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது, ஏனெனில் இங்கே சோதிக்கப்படுவது விரலின் எல்லையைவிட ஆட்டத்தின் எல்லையே. எதிர்க்கருத்து உடையவர்களிடமும் நியாயம் இருக்கிறது. எந்த முடிவாக இருந்தாலும் போட்டி தொடங்கும் முன்பே விதியாக எழுதிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம் பகுதிக்கே உரியது. தொண்ணூறுகளில் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் விற்றவை, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தவை என்று நாம் டிவி கேம் எனச் சொல்லி ஆடியவற்றில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் நகல் கருவிகள். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அவற்றில் பல விநாடிக்கு 50 ஃபிரேம் வேகத்தில் ஓடின. சிறுவயதில் நாம் ஆடிய மேரியோ அசலைவிட மெதுவாக ஓடியவர். கேசட்டுகளில் பல, கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவோ கூடுதல் உயிரோடு தொடங்கவோ வசதியாக நிரல் மாற்றப்பட்டவை. அத்தகைய கேசட்டிலிருந்து எடுத்த ரோமில் ஒருவர் 'கான்ட்ரா' ஆட்டம் அமைத்துக் கொண்டுவந்தால் அசல் பிரதியில் ஆடியதோடு அதை ஒப்பிட முடியாது. எந்தப் பிரதி, எந்த வேகம் என்று முன்கூட்டியே வரையறுக்காத போட்டியில் நேரத்தை விநாடியில் எழுதுவதற்கே பொருளில்லை. பழைய நினைவோடு பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தும் பெரியவர்கள் இதைத் தயவுசெய்து கருத்தில் கொள்ள வேண்டும்.

எமுலேட்டரில் ஆடியதை எப்படி நம்புவது என்று ஒரு நடுவர் கேட்டதாகவும் செய்தியில் இருந்தது. நல்ல கேள்வி. எமுலேட்டர் கன்சோலைப் பிழையாகப் போலச் செய்தால் ஆட்டமும் பிழையாகும் என்பது உண்மை. அதனால்தான் துல்லியமற்ற பழைய எமுலேட்டர்களில் அமைத்த ஆட்டங்களை இன்று ஏற்பதில்லை. முடிந்த இடங்களில் கோப்பில் உள்ள அழுத்தங்களைச் சிறு மின்கருவி வழியாக அசல் கன்சோலின் கட்டுப்பாட்டுத் துளைக்கே அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்காவில் நன்கொடை திரட்டும் விழா ஒன்றில், டாஸ்பாட் என்ற அத்தகைய கருவி அசல் சூப்பர் நிண்டெண்டோவுக்குப் பொத்தான் அழுத்தங்களை மட்டுமே அனுப்பி, 'சூப்பர் மேரியோ வேர்ல்டு' ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தில் புதிய நிரலை எழுதி, 'பாங்', 'ஸ்னேக்' ஆட்டங்களை அதற்குள் உருவாக்கிக் காட்டியது. என் மாணவர்களுக்கு நினைவகம் என்றால் என்ன என்று விளக்குவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மோசடி என்ற சொல்லைப் பொறுத்தவரை, மோசடியைக் கண்டுபிடித்ததில் இந்தக் கருவிகளின் பங்கைத் தங்கள் நிருபர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். 1980-இல் அட்டாரி 2600 கன்சோலுக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட 'டிராக்ஸ்டர்' பந்தய ஆட்டத்தில் 5.51 விநாடி என்ற ஒரு சாதனை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அசையாமல் நின்றது. ஆட்டத்தின் நிரலைப் பிரித்து ஆராய்ந்த ஒருவர், எந்தப் பொத்தான் வரிசையாலும் 5.57-க்குக் கீழே செல்ல முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். 2018 ஜனவரியில் அந்தச் சாதனை, வீடியோ கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் டுவின் கேலக்ஸீஸ் அமைப்பின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 'டயாப்லோ' ஆட்டத்தை 3 நிமிடம் 12 விநாடியில் முடித்ததாக 2009-இல் பதிவான சாதனையையும் கருவித்துணை ஆட்டக் குழு ஒன்றே பின்னாளில் ஆராய்ந்தது. ஆட்டம் உருவாக்கக்கூடிய நிலவறைகளையெல்லாம் கணினியில் வரிசையாக உருவாக்கிப் பார்த்து, காணொளியில் வந்த தொடர் ஒரே ஆட்டத்தில் அமையவே முடியாது என்று நிறுவியது. ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கில் வைத்துப் பழகியவர்களுக்கே பொய்க் கணக்கு உடனே கண்ணில் படுகிறது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மாணவர் தம் ஆட்டத்தின் தன்மையை விண்ணப்பத்தில் தெரிவித்திருந்தார் என்பதைத் திருத்தச் செய்தியாக வெளியிடக் கோருகிறேன். வேலை தேடும் வயதில் இருக்கும் பிள்ளையின் ஊரும் கல்லூரியும் செய்தியில் வந்துவிட்ட பிறகு அது சிறிய செய்தியாக இருக்காது. போட்டி நடத்தும் நம் மாவட்டக் கல்லூரிகள் கருவித்துணை ஆட்டத்துக்குத் தனிப் பிரிவு வைத்து, கோப்பு, ரோமின் எண்முத்திரை, எமுலேட்டரின் பெயரும் பதிப்பும், எங்கே என்ன செய்யப்பட்டது என்ற இரண்டு பக்கக் குறிப்பு ஆகியவற்றை நுழைவு நிபந்தனையாக்க வேண்டும் என்பதையும் தங்கள் இதழ் வழியாக முன்வைக்கிறேன். அப்படி ஒரு பிரிவு அமையுமானால் கோப்புகளை இயக்கிச் சரிபார்க்கும் பணியை ஊதியமின்றிச் செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன். என்னிடம் பயின்றவர்களின் கோப்புகளை மட்டும் வேறொரு நடுவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினிப் பயிற்றுநர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.