மூன்றாம் எண் பொறியில் 0

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சியைப் பிடித்துத் தானே எண்ண நீங்கள் செய்த பொறி, இரவு முழுக்க எண்ணி 212 என்று காட்டியது, காலையில் திறந்து பார்த்தால் 31 அந்துப்பூச்சிதான் கிடந்தது என்றாய். சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. நீங்கள் நாலு பேரும் ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டு உழைத்தது எனக்குத் தெரியாதா? ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் சொல்ல வேண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. 26 வருஷம் வயலில் பூச்சி எண்ணியவன் நான். எழுதினால்தான் கோவையாக வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த 212-ஐப் பார்ப்போம். பொறியின் கழுத்தில் நீங்கள் வைத்திருக்கும் அகச்சிவப்பு ஒளியை எது மறைத்தாலும் அது ஒன்று என்று எண்ணிக்கொள்கிறது. ஆனால் ஆண் அந்துப்பூச்சி வந்ததும் நேராக உள்ளே விழுந்துவிடாது. டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு எத்தனையோ இரவுகள் பொறியடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாசனை வரும் காற்றை எதிர்த்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வரும். மூடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இறக்கையைப் படபடவென்று அடித்தபடியே லூரை, அதாவது பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய வில்லையை, சுற்றி நடக்கும். புனல் விளிம்பு வரை இறங்கும், மறுபடி மேலே ஏறும். ஒன்று உள்ளே விழுவதற்குள் அதே பூச்சி நாலைந்து தடவை கழுத்துக்கு வந்து திரும்பிவிடும். இதோடு எறும்பு வரிசை, பனித்துளி, ஒளிக்குக் குறுக்கே வலை கட்டும் சிலந்தி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள். 212 ஏன் வந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒளிக்கோடு வைத்துப் பாருங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல்கோடு முதலில், கீழ்கோடு அடுத்து மறைந்தால் உள்ளே ஒன்று. கீழ்கோடு முதலில் என்றால் வெளியே ஒன்று. மேல்கோடு மட்டும் மறைந்து விட்டால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, கணக்கில் வேண்டாம். எவ்வளவு நேரம் மறைத்தது என்பதையும் பதிவு செய்யுங்கள். சொட்டும் துளி ஒரு நொடிகூட நிற்காது, சிலந்தி வலை மணிக்கணக்கில் நிற்கும். பகல் வெயில் சென்சாரைக் குழப்புகிறது என்று முன்பு சொன்னாயே, டிவி ரிமோட்டில் செய்வது மாதிரி அந்த ஒளியை 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மினுக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் படிக்கும்படி செய்தால் வெயில் தொல்லை பெரும்பாலும் போய்விடும். இதெல்லாம் உன் நண்பர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். பூச்சி எப்படி நடக்கிறது என்பது மட்டும்தான் என் பங்கு.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஒரு படம் போதும், பேட்டரி மிச்சமாகும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். வேண்டாம் கண்ணு. புனலுக்கு அடியில் இருக்கும் பசைத்தாளில் விழுந்த அந்துப்பூச்சி விடியும்வரை புரண்டு புரண்டு இறக்கைத் தூளையெல்லாம் உதிர்த்துவிடும். படைப்புழுவின் ஆண் பூச்சிக்கு முன்இறக்கையின் நுனிப்பக்கம் வெளிறிய ஒரு திட்டு, நடுவில் சாய்வாக ஒரு முட்டை வடிவப் புள்ளி. அந்த இரண்டை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். தூள் உதிர்ந்தால் இரண்டும் போச்சு, பழுப்பாக ஏதோ ஒரு பூச்சி என்பதற்கு மேல் நானே சொல்ல முடியாது. அதே லூருக்கு வேறு சில பழுப்பு அந்துப்பூச்சிகளும் வந்து விழும், அவற்றின் உருவமும் அளவும் கிட்டத்தட்ட இதேதான். இரவில் மணிக்கு ஒரு படம் எடுத்து, முந்தின படத்தில் இல்லாமல் இப்போது புதிதாக வந்தது எது என்று பாருங்கள். விழுந்து ஒரு மணி நேரம் ஆன பூச்சியில் அடையாளம் இன்னும் அழியாமல் இருக்கும். பேட்டரிக்குப் பகலில் நன்றாகத் தூக்கம் கொடுத்துவிடலாம், இந்த அந்துப்பூச்சி பறப்பதே இருட்டில்தானே.

படத்தைப் பார்த்து எந்தப் பூச்சி என்று சொல்லும் உங்கள் கணினி மாடல் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று சந்தோஷப்பட்டாய். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுப் பார். நூறு படத்தில் இரண்டில்தான் படைப்புழு அந்துப்பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொன்னாலும் 98 வந்துவிடும். இருந்ததில் எத்தனையைப் பிடித்தது, இருக்கிறது என்று சொன்னதில் எத்தனை உண்மை, இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஆய்வகத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்து எடுத்த படங்களை இதில் சேர்க்கவே கூடாது. தூசியும் செதிலும் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் வயல் படத்தில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

லூரை மட்டும் வெறும் கையால் தொடாதே. ஒவ்வொரு பூச்சி வகையின் லூருக்கும் ஒரு கையுறை, அதை வேறு வகையின் லூருக்குப் போடக் கூடாது. ஒரு லூரைத் தொட்ட விரலால் இன்னொன்றைத் தொட்டால் பொறிக்குத் தவறான பூச்சி வரும், நீங்கள் மாடலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவு கொஞ்சம் போதும் அதற்கு. இப்படிப்பட்ட வாசனைப் பொருள் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அடால்ஃப் பூட்டெனாண்ட். பட்டுப்புழுவின் பெண் அந்துப்பூச்சிகள் ஏறத்தாழ 5 லட்சம் வேண்டியிருந்தது, கிடைத்தது சில மில்லிகிராம். இருபது வருஷ உழைப்புக்குப் பிறகு 1959-இல் வெளியிட்டார். ஆறு மாதத்தில் ஓய்ந்துபோக வேண்டாம் என்று இதைச் சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். உன் அம்மாவிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். எனக்குப் பொறுப்பு எட்டுப் பொறிகள். வாரம் இருமுறை போய் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் மழை விடவே இல்லை. மூன்றாம் எண் பொறி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மக்காச்சோள வயலின் கடைசி வரப்பில் இருந்தது. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். நான் போகவில்லை. போகாதது தப்பே இல்லை, யாரும் போயிருக்க மாட்டார்கள். பதிவேட்டைத் திறந்தேன். மற்ற ஏழு கட்டமும் நிரம்பியிருந்தது, இது ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. முந்தின மூன்று தடவையும் அந்தப் பொறியில் பூச்சியே இல்லை. மழையில் எது பறக்கப்போகிறது என்று நினைத்து, நீல மையில் 0 என்று எழுதினேன். அடுத்த தடவையும் தண்ணீர் வடியவில்லை. இன்னொரு 0.

மழை விட்டுப் பத்து நாள் கழித்து அந்த வயல்காரர் கையில் ஒரு செடியோடு வந்தார். குருத்தை விரித்துக் காட்டினார். இலையில் வரிசையாக ஓட்டை, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அடியில் பென்சில் பருமனுக்குக் கொஞ்சம் குறைந்த புழு. முட்டை பொரிந்து சின்னப் புழுவாக இலைமேல் இருக்கும்போதுதான் எதையாவது சுலபமாகச் செய்ய முடியும். குருத்துக்குள் இறங்கிவிட்டால் தெளிக்கிற மருந்து அதை எளிதில் போய்ச் சேராது. அவர் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். “பூச்சி இல்லை என்று போட்டிருந்ததே ஐயா, அதனால்தான் நான் இறங்கிப் பார்க்கவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இன்றுவரை தோன்றுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் நான் போட்டிருக்க வேண்டியது ஒரு சின்னக் கோடு. ‘பார்க்கவில்லை’ என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் அவரே வயலில் இறங்கி நாலு செடியைத் திருப்பியிருப்பார்.

உங்கள் பொறி அதே தப்பை என்னைவிட நூறு மடங்கு வேகமாகச் செய்யும் கண்ணம்மா. பேட்டரி இறங்கினால் 0. கேமரா கண்ணாடியில் பனி படிந்தால் 0. லூர் ஆறு வாரமாகிக் காய்ந்துபோனால் 0. எறும்பு வந்து பூச்சியை இழுத்துக்கொண்டு போனாலும் 0. போனில் பார்ப்பவருக்கு எல்லாமே பூச்சி இல்லாத நல்ல இரவாகத்தான் தெரியும். அதனால் பொறியை எண்ணச் சொல்வதற்கு முன்னால், தான் பார்த்ததா இல்லையா என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். பசைத்தாளின் நாலு மூலையிலும் ஒரு கறுப்புப் புள்ளி அச்சடியுங்கள். படத்தில் நாலும் தெளிவாகத் தெரிந்தால்தான் அந்த இரவு கணக்கில் வரும். ஒளிக்கோட்டைத் தினமும் சாயங்காலம் ஒருமுறை தானே அணைத்து ஏற்றி, சென்சார் உணர்கிறதா என்று சோதித்துக்கொள்ளட்டும். லூர் மாற்றிய தேதியைப் பொறியே நினைவில் வைத்து, நாள் கடந்தால் எண்ணைக் காட்ட மறுக்கட்டும். எது தவறினாலும் திரையில் 0 வரக் கூடாது, கோடு வர வேண்டும்.

இன்னொன்றையும் திரையிலேயே எழுதிவிடுங்கள். லூருக்கு வருவது ஆண் பூச்சி மட்டும். முட்டையிடுவது பெண். சுற்றுவட்டாரத்தில் பெண் பூச்சி மிகுந்துவிட்டால் ஆண் அதைத் தேடிப் போய்விடும், பொறியில் எண்ணிக்கை குறையக்கூட செய்யும். பறப்பு தொடங்கிவிட்டது, இறங்கிச் செடியைப் பார் என்று பொறி சொல்லலாம். மருந்தடி என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

படத்துக்கு லேபிள் போட ஆள் கிடைக்கவில்லை என்றாயே, எனக்கு அனுப்பு. ஒரு நாளைக்கு 200 படம் தாராளமாகப் பார்ப்பேன். மூன்று பிரிவாகத்தான் பிரிப்பேன்: அதுதான், அது இல்லை, தெரியவில்லை. மூன்றாவது பிரிவு பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்ற இரண்டில் திணிக்கச் சொல்லி உன் நண்பர்கள் கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இப்போதே சொல்லிவிடு. நேற்றைய 31 பூச்சியையும் கொட்டிவிடாதே, அவற்றில் எத்தனை படைப்புழு என்று பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு படம் எடுக்கும் முதல் இரவில், ஒவ்வொரு பூச்சியும் எந்த மணிப் படத்தில் முதலில் தெரிகிறது என்று ஒளிக்கோட்டின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்தால், அதில் எது பொய் எது மெய் என்று அந்த ஒரு இரவிலேயே உங்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

என்னுடைய பத்து மடங்கு லென்ஸைப் பஞ்சில் சுற்றி இத்தோடு அனுப்புகிறேன். கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூச்சியை அதனருகே கொண்டு வர வேண்டும், லென்ஸை நகர்த்தக் கூடாது. படங்களைச் சுருக்காமல் அனுப்பு, சுருக்கினால் அந்த முட்டைப் புள்ளி கலங்கிவிடும். இரவு ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா