நூலகத்தில் ஜெராக்ஸ் எடுப்பது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பழைய மாணவி ஒருத்தி குளத்துப் பாசனம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். போன மாதம் ஒரு பொது நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து, ஒரு பழைய புத்தகத்தின் 34 பக்கங்களைக் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தாள். அச்சில் இல்லாத புத்தகம், எங்கே தேடியும் விலைக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஓர் அத்தியாயம்தான் வேண்டும், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு "காப்பிரைட் பிரச்சினை வரும்மா" என்று சொல்லிவிட்டார்களாம், போனில் படம் எடுக்கவும் விடவில்லை. நடுவிரலில் பேனா அழுத்திக் காய்த்துப்போன இடத்தைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது, இரண்டு எண்களை மாற்றி எழுதியிருக்கிறாள். அதைச் சரிபார்க்க மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

நூலகரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை, பயந்துபோய் மறுக்கிறார். ஆனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே, ஆய்வுக்காகவும் சொந்தப் படிப்புக்காகவும் ஒரு நூலை நியாயமான அளவில் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலென்றால், லாப நோக்கம் இல்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதிகள் வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தன்னிடம் உள்ள நூலைப் பாதுகாப்பதற்காகக் கணினியில் ஏற்றி வைக்கவும் 2012-இல் வந்த திருத்தம் இடம் கொடுக்கிறது.

அதே 2012-இல்தான் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகமும் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் பாடத்துக்கென்று சொன்ன அத்தியாயங்களை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்ததுதான் அந்தக் கடை செய்த காரியம். மாணவர்களும் பேராசிரியர்களும் தனித்தனியாகச் சங்கம் வைத்து வழக்கில் சேர்ந்தார்கள். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வது தப்பில்லை என்றால் அதையே மெஷினில் எடுப்பது மட்டும் எப்படித் தப்பாகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான வாதம். என் மாணவியின் விரலைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வந்தது. பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை பக்கம் என்பதல்ல கேள்வி, கற்பிக்க அது தேவையா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. சில விஷயங்களை மறுபடி விசாரிக்கும்படி அந்த அமர்வு சொல்லியும், 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் தாங்களாகவே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவது வேறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஐநூறு பிரதி அச்சடித்துவிட்டு விற்குமா என்று காத்திருக்கும் தமிழ்ப் பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் கஷ்டப்படுவது படிக்கிற பிள்ளைகள்தான்.

இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்ட ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் நிறையவே எழுதிவிட்டார்கள். நூலகரும் ஜெராக்ஸ் கடைக்காரரும் படிக்கிற மாதிரித் தமிழில் ஒரு நாலு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. நம் சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் அதை எழுதித் தர வேண்டும். பொது நூலகத் துறை அதைச் சுற்றறிக்கையாக்கி எல்லா நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும், எதை நகலெடுக்கலாம், எதைக் கூடாது என்று கவுண்டர் பக்கத்தில் ஒரு தாளாவது ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை